எந்த நாளின் சீருடை? ஓர் இராணுவ அதிகாரியின் நீர்வண்ணப் படத்துக்கு முன் இருந்த தேர்வுகள்

ஓய்வுபெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவருக்குச் சதாபிஷேகம் நெருங்கியபோது, அவருடைய பிள்ளைகள் மூவரும் சேர்ந்து, சீருடையில் அப்பாவின் நீர்வண்ணப் படம் ஒன்று வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். வரும்போதே மூன்று புகைப்படங்களையும் மூன்று கருத்துகளையும் கொண்டுவந்திருந்தார்கள். மூத்த மகள் எடுத்துவைத்தது 1990-இல் எடுத்த வண்ணப்படம்: கோட்டு, டை, தோள்வழியே குறுக்காக வார் வரும் சாம் பிரவுன் தோல் பெல்ட், நெஞ்சில் வரிசையாகத் தொங்கும் பதக்கங்கள். மகனுடையது 1971 டிசம்பரில் மேற்கு முனையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதில் அவர் கேப்டன், தோளில் மூன்று நட்சத்திரங்கள், நெஞ்சில் ஒன்றுமில்லை. இளைய மகளிடம் இருந்தது ஓய்வுபெற்ற 1992-இல் அலுவலக மேசைக்கு முன்னால் நின்று எடுத்தது: அன்றாடம் உடுத்திய ஆலிவ் பச்சை டெரிகாட் சட்டை, இடப்பக்கப் பைக்கு மேலே, பதக்கங்களுக்குப் பதிலாக அணியும் வண்ண நாடாக்கள் இரண்டு வரிசை. பேரன் படம் எதையும் கொண்டுவரவில்லை. இன்றைய டிஜிட்டல் காமஃப்ளாஜ் உடுப்பில் தாத்தா சல்யூட் அடிப்பதுபோல் வரைய முடியுமா என்று மட்டும் கேட்டான்.

எது அழகாக இருக்கும் என்பதுதான் கேள்வி என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அழகைப் பற்றிய பேச்சு பிறகு வருவது. சீருடை என்பது தேதி போட்ட ஆவணம். தோளில் உள்ள சின்னம் ஒரு தேதியைச் சொல்லும், நாடா வரிசை ஒரு தேதியைச் சொல்லும், துணியின் அச்சுகூட ஒரு தேதியைச் சொல்லும். இவை யாவும் ஒரே நாளைச் சொன்னால் அது உருவப்படம். ஆளுக்கொரு நாளைச் சொன்னால், முகம் எவ்வளவு அச்சாக அமைந்தாலும், அது நாடகக்காரரின் வேஷம். ஆகவே நான் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, உங்கள் அப்பாவின் எந்த நாளைச் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்பதே.

தோளில் தொடங்கலாம், ஏனெனில் பட்டாளத்தோடு பழகிய கண் முகத்துக்கு முன்பே அங்கேதான் போகும். இந்தியத் தரைப்படையில் லெப்டினன்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம், கேப்டனுக்கு மூன்று, மேஜருக்கு அசோகச் சிங்கம் மட்டும், லெப்டினன்ட் கர்னலுக்குச் சிங்கத்தோடு ஒரு நட்சத்திரம், கர்னலுக்கு இரண்டு, பிரிகேடியருக்கு மூன்று. அதற்கும் மேலே போனால் குறுக்கே வைத்த வாளும் கோலும் சேர்ந்துகொள்ளும். இவ்வளவு சிறிய உருவத்தில் சிங்கத்தின் பிடரியை வரையத் தேவையில்லை, வரைந்தால் கறைபோலத்தான் தெரியும். ஆனால் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் இடமும் ஒரு மயிரிழைகூடத் தவறக் கூடாது. பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து உயர்ந்த ஜூனியர் கமிஷன்டு அதிகாரிகளின் படங்களில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. சுபேதாருக்கும் லெப்டினன்ட்டைப் போலவே இரண்டு நட்சத்திரங்கள்தான், சுபேதார் மேஜருக்கும் மேஜரைப் போலவே சிங்கம்தான். வேறுபாடு சின்னத்துக்குக் கீழே கிடக்கும் ஒரு மெல்லிய பட்டி. தூரிகை அந்தப் பட்டியைத் தவறவிட்டால் சுபேதார் மேஜர் ஒரு நொடியில் மேஜராகிவிடுகிறார். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் தகுதிகள் வழங்கப்படுவதும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 'இராணுவப்பேட்டை' என்றே பெயர் வாங்கிய வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் அப்படிப்பட்ட கௌரவ கேப்டன்கள் உள்ள வீடுகளில், எந்தச் சின்னத்தை வரைவது என்பது வெறும் ஓவியப் பிரச்சினை அல்ல. என் கருத்து, எடுத்துக்கொண்ட புகைப்படத்தின் நாளில் அவர் தோளில் எது இருந்ததோ அதுவே என்பதுதான். கௌரவத் தகுதியைக் காட்ட வேண்டுமென்றால் அந்தத் தகுதி வந்த பிறகு எடுத்த படத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும்.

மூத்த மகளுக்கு இன்னொரு விருப்பமும் இருந்தது. காலரில் சிவப்புப் பட்டை ஒன்று வைத்தால் படம் எடுப்பாக இருக்குமே, கர்னல் என்றால் அது உண்டல்லவா என்றார். கர்னலுக்கும் அவருக்கு மேற்பட்டவர்களுக்கும் அது உண்டு, லெப்டினன்ட் கர்னலுக்கு இல்லை. பேச்சில் இருவரையும் 'கர்னல் சார்' என்றே கூப்பிடுவதால், ஊரும் உறவும் அந்த ஒரு படியைக் கவனிப்பதில்லை. இருபது ஆண்டுகளாகக் காதில் விழுந்த 'கர்னல்' என்ற சொல்தான் காலருக்குச் சிவப்பைக் கேட்டது. அன்போடு கேட்ட அந்தச் சிவப்பை நான் வைத்திருந்தால், அவருடைய பழைய படைத்தோழர் ஒருவர் விழாவுக்கு வந்து படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடப் போயிருப்பார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவதுதான் கொடுமை.

இனி மூன்று படங்களையும் எடுத்துக்கொள்வோம். 1990-ஆம் ஆண்டின் முழுப் பதக்க உடை, அறைக்குள் நுழைந்தவுடன் கண்ணை இழுக்கும் என்பதில் ஐயமில்லை. எண்ணெய் வண்ணத்தில் வரைவதென்றால் நானும் அதையே பரிந்துரைத்திருப்பேன், ஏனென்றால் எண்ணெய் வண்ணத்தில் இருளின்மேல் ஒளியை வைக்கலாம். பித்தளைப் பொத்தானின் மினுக்கத்தைக் கடைசியில் ஒரு துளியாக இட்டு முடிக்கலாம். நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தொடாமல் விட்ட தாள். ஒவ்வொரு பொத்தானுக்கும், பெல்ட்டின் ஒவ்வொரு கொக்கிக்கும், ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்புக்கும் முதல் நாளே மாஸ்கிங் திரவத்தால் வெள்ளையை ஒதுக்கிவைத்துவிட்டுத்தான் கோட்டின் வண்ணத்தை ஓட்ட வேண்டும். கால் தாளில், அதாவது சுமார் 28-க்கு 38 சென்டிமீட்டரில், மார்பளவுப் படம் வரைந்தால் தலை ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் வரும், இயல்பில் மூன்றில் ஒரு பங்கு. 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பதக்கம் அப்போது 12 மில்லிமீட்டராகச் சுருங்கும். அதற்குள் எழுத்தும் உருவமும் எப்படி வரும்? வராது. ஆறு பதக்கங்களும் ஆறு சட்டைப் பொத்தான்கள்போல் ஆகிவிடும். அவற்றைப் பதக்கமாக்க முயன்று முயன்று ஓவியர் முழு உழைப்பையும் மார்பில் கொட்டிவிடுவதால், முகம் இரண்டாமிடத்துக்குப் போய்விடும். அரைத் தாளுக்கோ முழுத் தாளுக்கோ போனால் இந்தக் குறை குறையும். ஆனால் அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் அவ்வளவு இடம் இல்லை.

மெஸ் விருந்துகளுக்குரிய உடையில் பதக்கங்களே சிறு வடிவில் அணியப்படுபவை என்பதால், அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. படைக்குள் இருந்தவர்களுக்கு மட்டுமே பொருள்படும் உடை அது. அதில் எடுத்த புகைப்படமும் அவர்களிடம் இல்லை.

இளைய மகள் கொண்டுவந்த 1992-ஆம் ஆண்டுப் படத்தில் பதக்கங்கள் இல்லை, அவற்றின் நாடாக்கள் மட்டும் இருந்தன. இங்கே நீர்வண்ணம் தன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. நாடா என்பது தட்டையான வண்ணம், நேர் விளிம்பு, உலர்ந்தபின் அடுத்த கோடு. 32 மில்லிமீட்டர் அகல நாடா நம் அளவில் 11 மில்லிமீட்டர் வருகிறது, ஒன்றாம் எண் தூரிகைக்கு அது போதுமான களம். வரிசைக்கும் விதி உண்டு: மூத்த பதக்கத்தின் நாடா அணிந்தவரின் நெஞ்சு நடுவுக்கு மிக அருகில், அதாவது பார்ப்பவர் கண்ணுக்கு இடக்கோடியில் நிற்கும். ஆகவே கண்ணாடியில் எடுத்த படத்தையோ, நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்ட படத்தையோ நம்பி வரைந்தால் நாடாக்கள் வலப்பக்கம் போய்விடும், வரிசையும் தலைகீழாகும். நான் முதலில் பார்ப்பது சட்டையின் பொத்தான் பட்டையைத்தான். ஆண்கள் சட்டையில் இடப்பக்கம் வலப்பக்கத்தின்மேல் வர வேண்டும். வரவில்லையென்றால் படம் திரும்பியிருக்கிறது.

நாடாவில் ஒரு கோடு எவ்வளவு பேசும் என்பதற்கு அமைதிக்கால வீர விருதுகளைப் போலத் தெளிவான சான்று இல்லை. அசோகச் சக்கரத்தின் நாடா பச்சை, நடுவில் செங்குத்தாக ஒரு செம்மஞ்சள் கோடு. கீர்த்திச் சக்கரத்துக்கு அதே பச்சையில் இரண்டு கோடுகள். சௌர்யச் சக்கரத்துக்கு மூன்று. 1967 வரை இவை மூன்றும் அசோகச் சக்கரத்தின் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் என்றே பெயர் பெற்றிருந்தன. கோடு கூடக் கூட விருதின் படி இறங்குகிறது. அழகுக்காக ஒரு கோட்டைச் சேர்த்தால் ஒருவரின் வீரத்தைக் குறைத்துவிட்டோம், கைமறதியாக ஒன்றை விட்டால் அவர் பெறாததைக் கொடுத்துவிட்டோம். போர்க்கால விருதுகளில் பரம வீரச் சக்கரத்தின் நாடா வெறும் ஊதா. மகா வீரச் சக்கரத்துக்குப் பாதி வெள்ளையும் பாதி செம்மஞ்சளும், வீரச் சக்கரத்துக்குப் பாதி கருநீலமும் பாதி செம்மஞ்சளும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக விழக்கூடும் என்பதால், பழைய படத்தின் நாடாவைக் கண்ணால் பார்த்து வண்ணம் ஊகிக்கவே கூடாது. பணிப் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லாவிட்டால் பீரோவில் கிடக்கும் நாடாக்களையே மேசைமேல் பரப்பி வரையுங்கள்.

நம் கர்னலின் இரண்டு வரிசை நாடாக்களும் அவருடைய வாழ்க்கையையே சொல்லின. 1971 போரில் மேற்கு முனையில் இருந்ததற்குப் பஷ்சிமி ஸ்டார் (கிழக்கில் இருந்திருந்தால் பூர்வி ஸ்டார்), அந்தப் போர்க்காலப் பணிக்குச் சங்க்ராம் பதக்கம், சைன்ய சேவா பதக்கம், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம், இருபதாண்டு, ஒன்பதாண்டு நீண்டகாலப் பணிப் பதக்கங்கள். 1992-இல் ஓய்வுபெற்றவரின் மார்பில் சுதந்திரப் பொன்விழாப் பதக்கத்தின் நாடா இருக்க வழியில்லை. இணையத்தில் கிடைத்த வேறோர் அதிகாரியின் நாடா வரிசையைப் பார்த்து மகன் அதைச் சேர்க்கச் சொன்னபோது நான் மறுத்ததற்கு இதுவே காரணம்.

1971-ஆம் ஆண்டுப் படத்தை மகன் ஏன் விரும்பினார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த இருபத்தாறு வயது முகத்தில் தூக்கமில்லை, தாடை சவரமில்லை, நெஞ்சு வெறுமையாக இருந்தது. அந்த வெறுமையே அந்த நாளின் உண்மை, ஏனெனில் போர் நடந்துகொண்டிருந்தபோது அந்தப் போருக்கான பதக்கம் யார் நெஞ்சிலும் இல்லை. நீர்வண்ணத்துக்கு அது மிகவும் இணக்கமான படம்: ஒரே ஈரப் பூச்சில் சட்டை, மங்கிய பின்னணி, முகத்தில் மட்டும் கூர்மை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதில் பின்னாளைய நாடாக்களைச் சேர்க்கக் கூடாது, சிங்கத்தை ஏற்றக் கூடாது. மூன்று நட்சத்திரங்களோடு அவரைக் கேப்டனாகவே விட வேண்டும். 'ஓய்வுபெறும்போது இருந்த பதவி தெரிய வேண்டுமே' என்ற உறவினரின் முதல் கேள்விக்கே குடும்பம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் துணிவிருந்தால் மூன்றில் சிறந்த ஓவியம் இதிலிருந்துதான் வரும் என்பதை நான் அவர்களிடம் ஒளிக்கவில்லை.

பேரனின் விருப்பத்துக்கு வருகிறேன். டிஜிட்டல் அச்சுள்ள போருடுப்பு 2022 ஜனவரி 15-ஆம் நாள் இராணுவ தின அணிவகுப்பில்தான் முதன்முதலாக வெளியே வந்தது. தாத்தா வீட்டுக்குத் திரும்பி அப்போது முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. போருடுப்பில் பதக்கமும் நாடாவும் அணிவதில்லை என்பதால், அவன் கேட்டபடி வரைந்தால் அவருடைய பணியைச் சொல்லும் அடையாளங்களில் பெரும்பகுதி போய்விடும், மிஞ்சுவது அச்சுத் துணி மட்டுமே. சல்யூட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது: தலையணி இல்லாமல் நம் தரைப்படையில் கை உயராது. வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கும் படங்களைத் திருமண மண்டப வாசல் பேனர்களில் நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்களைக் குறை சொல்வதற்கில்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சின்னங்களைப் பற்றி இளைஞர்களுக்குச் சொல்ல எனக்குக் கைகொடுப்பவர் தோனி. 2019 உலகக் கோப்பையில் பாராசூட் படைப்பிரிவைச் சேர்ந்த பாரா சிறப்புப் படையின் 'பலிதான்' சின்னத்தைக் கையுறையில் பொறித்துக்கொண்டு அவர் ஆடியபோது, சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அதை நீக்கச் சொன்னது. ஒரு சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் மட்டுமே பேசும், வேறிடத்தில் இருந்தால் கேள்வி கேட்கப்படும் என்பதைப் பேரன் அந்த உதாரணத்தில்தான் பிடித்துக்கொண்டான்.

தலையணியைப் பற்றி வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த இந்தக் குடும்பத்துக்கு நான் அதிகம் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணங்களில் ஒன்று புது வகைத் தலைப்பாகையும் அதில் செருகச் சொன்ன தோல் சின்னமும் அல்லவா? தலையில் வைப்பது எப்போதும் வெறும் துணியாக இருந்ததில்லை. அவர் பணிபுரிந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் அடையாளமான யானை, 1803-இல் அசாயேயில் நடந்த போரின் நினைவு. கேடயத்தின்மேல் நிற்கும் அந்த யானையையும் குறுக்கு வாள்களையும் மனத்திலிருந்தோ வலைத்தளத்திலிருந்தோ வரையாமல், அவருடைய பெட்டியில் இருந்த பித்தளைச் சின்னத்தையே வாங்கி மேசையில் வைத்துக்கொண்டேன். காலத்துக்குக் காலம் வார்ப்பு மாறும். அவர் அணிந்தது எதுவோ அதுதான் படத்துக்குரியது. இன்று பணியில் இருப்பவரை வரைவோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அவருக்கு மேற்பட்டவர்களும் ரெஜிமென்ட் வேறுபாடின்றி ஒரே வகைத் தலையணியும் சின்னமும் பெல்ட்டும் அணிகிறார்கள், தோள் கயிறு அணிவதில்லை. பாரா படையிலிருந்து வந்த பிரிகேடியர் ஒருவரைச் செங்கருஞ்சிவப்புத் தொப்பியில் வரைந்தால், அந்தப் படத்தின் நாள் அதற்கு முந்தையதாக இருந்தாக வேண்டும்.

இறந்தபின் வந்த விருது இவை எல்லாவற்றிலும் கடினமானது. இந்தக் குடும்பத்துக்கு அந்தத் துயரம் இல்லை, வேறு சில குடும்பங்கள் என்னிடம் கேட்டிருக்கின்றன. இதுவரை பரம வீரச் சக்கரம் பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மறைவுக்குப் பின்பே அளிக்கப்பட்டது. மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்தார். அந்த ஊதா நாடாவை அவர் ஒரு நாளும் அணிந்ததில்லை. அணிந்ததாக வரைவது நடக்காத ஒரு நாளை வரைவதாகும். இதற்கு நேர் எதிரான சம்பவமும் வரலாற்றில் உண்டு: 1942-இல் பர்மாவில், பின்னாளில் ஃபீல்டு மார்ஷலான மானெக்‌ஷா குண்டுபட்டுக் கிடந்தபோது, இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருதைத் தரமுடியாது என்பதால், பிழைக்கமாட்டார் என்று எண்ணிய ஜெனரல் கோவன் தம் நெஞ்சிலிருந்த வெள்ளை-ஊதா-வெள்ளை நாடாவையே கழற்றி அவர் மேல் குத்தினார். நெஞ்சில் ஒரு நாடா ஏறும் கணம் எவ்வளவு கனமானது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அதனால் அந்தக் குடும்பங்களுக்கு நான் சொல்லும் வழி, அவர் கடைசியாக இருந்த கோலத்திலேயே படத்தை வரைந்து, பதக்கத்தைச் சட்டத்துக்குள் படத்தின் கீழே தனியாகப் பதிப்பது. சிலர் ஏற்பதில்லை. மகனின் நெஞ்சில் அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால், என் விதியை நான் மடித்து வைத்துவிடுவேன்.

இன்றைய முகத்தைப் பழைய சீருடையில் பொருத்தும் வழியையும் கைப்பேசிச் செயலிகள் எளிதாக்கிவிட்டன. அதை ஒரு தேர்வாகவே நான் எண்ணுவதில்லை. இன்றைய முகம்தான் வேண்டுமென்றால், முன்னாள் வீரர்கள் விழாக்களில் செய்வதுபோல் பிளேசரும் ரெஜிமென்ட் டையும் அணிந்து, அதன்மேல் பதக்கங்களைக் குத்தி அவரை எதிரே உட்கார வைத்து வரையலாம். அதில் பொய் இல்லை.

கடைசியில் 1992-ஆம் ஆண்டின் ஆலிவ் பச்சையே முடிவானது, என் பரிந்துரையும் அதுவே. 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாளில், அல்ட்ராமரினும் யெல்லோ ஆக்கரும் சிறிது பர்ன்ட் சியன்னாவும் கலந்து அந்தப் பச்சையை எடுத்தேன். தோளில் துவைத்து வெளுத்த இடத்துக்கு நீரைக் கூட்டினால் போதும். நாடாக்களின் சிவப்புக்கு அலிசரின் கிரிம்சனைத் தொடவில்லை. பார்க்க ஆழமாக இருக்கும் அந்த வண்ணம் வெளிச்சத்தில் ஆண்டுக்காண்டு வெளுத்துப் போகும். நாடாவின் ஒரு நிறம் வெளுப்பது, முகத்தின் நிறம் வெளுப்பதுபோல் அல்ல, அது பதக்கத்தையே மாற்றிவிடும். கினாக்ரிடோன் சிவப்பு நின்று பிடிக்கும்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு தோளைப் பார்த்தார், பிறகு நாடாக்களை விரலால் எண்ணினார், இரண்டாவது வரிசையின் கோடியில் ஒரு கணம் நின்றார், பிறகுதான் தம் முகத்துக்கு வந்தார். சட்டமிடுவதற்கு முன்பு தாளின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பதவி, ரெஜிமென்ட், படத்துக்கு மூலமான புகைப்படத்தின் மாதமும் ஆண்டும், நாடாக்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக, கடைசியில் வரைந்த ஆண்டு என்று அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். மாதத்தை மட்டும் அவர் மனைவிதான் நினைவுபடுத்தினார்.